சம்பந்தியோடு மாலத்தீவுக்கு

என் மகள் மாலத்தீவில் ஒரு சின்னத் தீவின் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மருமகனுக்கு அதே தீவில் ஒரு விடுதியின் படகுகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. அவள் மாசமாக இருந்தபோது, பேறுகாலத்துக்கு ஊருக்கு வா என்றால் லீவு கிடைக்காது என்றுவிட்டாள். சரி, மலை நகராவிட்டால் நாம் நகர வேண்டியதுதான் என்று என் வீட்டுக்காரி சுக்கும் திப்பிலியும் கட்டிக்கொண்டு விமானத்தில் போய்ச் சேர்ந்தாள். நானும் கூடப் போகவேண்டியவன். ஆனால் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் என் இடது காதில் ஆபரேஷன் ஆகியிருந்தது.

"இப்போதைக்கு பிளேன் கூடாது. காதுல அழுத்தம் ஏறும்" என்றார் டாக்டர்.

"கப்பல்ல போலாமா?" என்று நான் விளையாட்டாகக் கேட்டேன்.

"தாராளமா போங்க. காதுல தண்ணி மட்டும் படாமப் பாத்துக்கோங்க" என்று மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே சொன்னார். ஆழ்வார்குறிச்சிக்காரன் கப்பலுக்கு எங்கே போகப்போகிறான் என்ற தைரியம் அவருக்கு. எனக்கும் அதே தைரியம்தான்.

இங்கே என் சம்பந்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் புன்னக்காயல்காரர். தூத்துக்குடியிலிருந்து சரக்கேற்றிப் போகும் தோணிகளில் தண்டலாக இருந்தவர். தண்டல் என்றால் படகின் தலைவர். நாங்கள் சைவம், அவர்கள் கடற்கரைக் கத்தோலிக்கர். பிள்ளைகள் தாங்களாகவே பார்த்து முடிவு செய்த கல்யாணம். இரண்டு வீட்டிலும் முதலில் கொஞ்சம் முகம் சுளித்தோம். பிறகு, சுளித்ததற்கு வெட்கப்பட்டு, அந்த வெட்கத்துக்கு ஈடாக ஒருவருக்கொருவர் அளவுக்கு மீறி மரியாதை காட்ட ஆரம்பித்தோம். அந்த மரியாதையைத் தாண்டி எங்களால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் எனக்குப் போன் போடுவார்.

"சம்பந்தி, சௌக்கியமா இருக்கியளா?"

"இருக்கோம். அங்கன?"

"இங்கனயும் சௌக்கியந்தான். மழ உண்டா?"

"இல்ல. அங்கன?"

"இங்கனயும் இல்ல."

அதற்கப்புறம் யார் முதலில் போனை வைப்பது என்பதில் ஒரு நீண்ட மரியாதை நடக்கும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விசாரிப்பு முடிந்தபின் அவர் தொண்டையைச் செருமினார். மருமகன் வேலை பார்க்கும் விடுதியின் முதலாளி புன்னக்காயலில் ஒரு பாய்மரப் படகு கட்டச் சொல்லியிருந்தார். வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு சாயங்காலம் சுற்றிக்காட்டுவதற்கு. படகு முடிந்துவிட்டது, அதைத் தீவில் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு சம்பந்தியுடையது. "தப்பா நெனைக்கக் கூடாது. நீங்களும் கூட வந்தா எங்களுக்குப் பெரும" என்றார்.

நான் அதை மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு, மரியாதையாகவே, "அதுக்கென்ன சம்பந்தி, வந்தாப் போச்சு" என்றேன். அவர் அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் ஏஜெண்டு ஒருவர் என் பாஸ்போர்ட்டைக் கேட்டுப் பேசினார். பயணி என்று யாரையும் ஏற்ற முடியாதாம். "பண்டாரின்னு போட்டிருக்கேன் சார். கப்பல் சமையக்காரன்னு அர்த்தம்" என்றார். அதில் பொய் ஒன்றுமில்லை. மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து நான் கல்யாணச் சமையல்காரன். அம்பாசமுத்திரம் சுற்று வட்டாரத்தில் என் தேங்காய்ப்பால் சொதியை ஊற்றிச் சாப்பிடாத மாப்பிள்ளை குறைவு.

ஊரில் செய்தி பரவியது. துபாயில் வேலை பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சி எனக்குத் தைரியம் சொல்ல வந்தார். "கடல்ல ஒண்ணும் பயமில்லவே. நான் எத்தன தடவ மேல இருந்து பாத்திருக்கேன். அசையாமத்தான் கெடக்கும்."

என் தம்பிக்குத்தான் கவலை. "நீச்சல் தெரியும்லா?" என்று கேட்டான்.

"கடனா நதியில நீந்தியிருக்கேன்லா."

"அது இடுப்பளவு தண்ணி."

"கடல்லயும் நாம மேலாக்கத்தானலே நீந்தப்போறோம்" என்றேன்.

தை பிறந்து வாடைக்காற்று நிலைத்ததும் சம்பந்தியிடமிருந்து சொல் வந்தது. நான் ஒரு லோடு ஆட்டோவில் சாமான்களை ஏற்றிக்கொண்டு புன்னக்காயலுக்குப் போய் இறங்கினேன். உருளி, சருவம், துருவுபலகை, ஒரு மூட்டை தேங்காய், பாசிப்பருப்பு, காய்கறி, அம்மி, குழவி. சம்பந்தி வெள்ளைச் சட்டையில் வந்து வரவேற்றார். ஆட்டோவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"தேவையானதத்தான் கொண்டு வந்திருக்கிய" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நாம நாலு பேருதான் சம்பந்தி" என்றார்.

"அதனாலதான் கொறச்சுக் கொண்டாந்தேன்."

"அந்த அம்மிய மட்டும் கரையில வச்சிட்டுப் போவமா?"

"அம்மி இல்லாம இஞ்சித் துவையல் எப்படி அரைக்கது?"

அவர் தன் மச்சினரைப் பார்த்து, "அம்மிய நடுவுல எறக்குலே. பாரத்துக்கு ஆவும்" என்றார்.

மச்சினர் என்றது சம்பந்தியின் மனைவிக்குத் தம்பி. கதவை அடைக்கிற அளவுக்கு ஆள். பேசவே மாட்டார். இரண்டு ஆள் தூக்கும் அந்த அம்மியை ஒரு கையில் எடுத்துக்கொண்டு போனார். நாலாவது ஆள் எஞ்சின் டிரைவர், காயல்பட்டினத்துக்காரர். எல்லோரும் அவரைக் காக்கா, காக்கா என்றார்கள். கறுப்பாக இருக்கிறார் என்பதற்காக இப்படிக் கூப்பிடலாமா என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர்கள் ஊரில் அண்ணனைத்தான் காக்கா என்பார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இல்லாவிட்டாலும் அவர் சிவப்புதான்.

புறப்படுகிற காலையில் பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லிப் படகுக்கும் எங்களுக்கும் தீர்த்தம் தெளித்தார். என் நெற்றியில் பட்டை போட்டிருந்த திருநீறு நனைந்து கண்ணுக்குள் வழிந்தது. நான் கண்ணைக் கசக்குவதைப் பார்த்து, பிரியமுடியாமல் அழுகிறேன் என்று எண்ணி, கரையில் நின்ற பெண்களில் சிலர் அழுதார்கள்.

தாமிரபரணி கடலில் சேரும் இடத்தைப் பார்த்துவிடவேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. மலையில் அத்தனை சத்தத்தோடு விழுகிற ஆறு, சேருமிடத்தில் எப்படி இருக்கும் என்று என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன். முழங்கால் தண்ணீர். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்தது. படகு கரகரவென்று உரசி நின்றது. எஞ்சினை முடுக்கிப் பார்த்தார்கள், நகரவில்லை. "எறங்கித் தள்ளணும். நீங்க இருங்க சம்பந்தி" என்றார் சம்பந்தி. அவர் இறங்கும்போது நான் உட்கார்ந்திருப்பது எப்படி? நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஊரே வந்து தள்ளியது. ஆக, என் கடல் பயணத்தின் முதல் பகுதியை நான் நடந்தே கடந்தேன்.

தூத்துக்குடியில் காகித வேலைகளை முடித்துக்கொண்டு, மறுநாள் விடியலில் கடலுக்குள் போனோம். பாயை ஏற்றியதும் எஞ்சினை அணைத்தார் காக்கா. அந்த அமைதியில் படகு ஒருபக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, யோசித்து, திரும்பவும் சாய்ந்தது. மணப்பாட்டுக் கோயில் கோபுரம் வலது பக்கம் தெரிகிறது என்று சம்பந்தி காட்டினார். நான் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் எதையும் பார்க்கவில்லை.

படகின் ஓரத்தில் தலையைத் தொங்கவிட்டுக் கிடந்தேன். காதில் வாஸ்லின் தடவிய பஞ்சு, வாயில் புளிப்பு. சம்பந்தி நாகரிகமான மனிதர். நான் வாந்தி எடுக்கும்போதெல்லாம், அதைக் கவனிக்காதவர்போல முகத்தைத் திருப்பி, அடிவானத்தை ஆராய்வார். நானும் நாகரிகம் குறைந்தவன் இல்லை. ஒவ்வொரு தடவையும் முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, "மன்னிக்கணும் சம்பந்தி" என்பேன்.

"இதுல என்ன இருக்கு" என்று அவர் அடிவானத்திடம் சொல்வார்.

கன்னியாகுமரி எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் உச்சிவேளைக்குக் காக்கா என் பக்கத்தில் வந்து குந்தினார். எலுமிச்சம்பழம் ஒன்றை நறுக்கி உப்புத் தொட்டுக் கொடுத்தார்.

"பைய எந்திரிங்க காக்கா" என்றார், என்னைப் பார்த்து. "நீங்க எந்திரிச்சாத்தான் நாங்க சாப்பிட முடியும்."

"ஏன், நான் எந்திரிக்கதுக்கும் நீங்க சாப்பிடுததுக்கும் என்ன?"

"தண்டலு உத்தரவு. சம்பந்தி படுத்துக் கெடக்கும்போது படகுல மீன் வாடை வரக்கூடாதுன்னுட்டாரு. நேத்துலருந்து ரொட்டியும் வாழப்பழமும்தான். அந்தா பாருங்க, அவரு மச்சான."

மச்சினர் பாய்மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, கையில் பாதி வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய உடம்பில் அவ்வளவு துக்கத்தை நான் பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் பந்தியில் இலை போட்டுச் சாப்பாடு வர நேரமானாலே எனக்குக் கைகால் ஓடாது. எழுந்துவிட்டேன்.

படகின் அடுப்படி ஒரு பெட்டி அளவு. அடுப்பில் வைத்த பாத்திரத்தை நாலு பக்கமும் கம்பியால் இறுக்கிக் கட்டினார் காக்கா. என்னை இடுப்பில் கயிறு போட்டு ஒரு தூணில் கட்டினார். தேங்காய் துருவி, அரைத்து, முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் எடுத்தேன். படகு சாயும்போது முதல் பாலில் பாதி இரண்டாம் பாலுக்குப் போயிற்று. அது திரும்பச் சாயும்போது மூன்றாம் பாலில் கொஞ்சம் மச்சினர் மேல் போயிற்று. பருப்பும் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் போட்டு, இஞ்சிச்சாறு விட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து இறக்கினேன். கடல்மேல் வைத்த முதல் சொதி. வேலை மும்முரத்தில் என் குமட்டல் எப்போது நின்றது என்றே கவனிக்கவில்லை.

மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மச்சினர் சட்டியைச் சாய்த்து வைத்துச் சாப்பிட்டார். முடித்ததும் சம்பந்தி கை கழுவிக்கொண்டு, "அருமையா இருந்திச்சு" என்றார். மறுவேளையும் சொதி வைத்தேன். "அருமையா இருந்திச்சு" என்றார். அதற்கு மறுவேளை மச்சினர் தூண்டில் போட்டு ஒரு சூரையை இழுத்துப் படகில் போட்டார். மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார்.

"கடல்ல விட்டுருலே" என்றார் சம்பந்தி. சொல்லிவிட்டு மீனையே பார்த்தார்.

எனக்குத் தாங்கவில்லை. "நீங்க மீன் கொழம்பு வையுங்க சம்பந்தி. நான் அந்த முனையில போய் இருந்துக்கிடுதேன்" என்றேன். காக்கா நடுவராக இருந்து ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. காற்று பின்னாலிருந்து வருவதால் மீன் அடுப்பு முன்னால், அணியத்தில். என் அடுப்பு பின்னால். வாடை வீசுகிறவரை படகின் பின்பாதி சைவம். இது ஒரு பகல் முழுக்க நன்றாக நடந்தது. அப்புறம் காற்று கொஞ்சம் திரும்பிப் பக்கவாட்டில் வரத் தொடங்கியது, என் சொதியில் சூரைமீன் மணந்தது. "காத்துக்கு ஏது காக்கா சைவம்?" என்றார் காக்கா. சரிதான் என்று மூக்கை விட்டுவிட்டு வாயை மட்டும் காப்பாற்றிக்கொண்டேன்.

அன்று பிற்பகலில் கொண்டல் பக்கம் கறுத்தது. கீழ்வானத்தில் ஒரு மேகம் தரையில் இழுபடும் கம்பளம்போல வந்தது. சம்பந்தி சுக்கானைப் பிடித்துக்கொண்டு ஆட்களை ஏவினார். மச்சினர் பாய்மரத்தடியில், காக்கா கீழே எஞ்சினில். பாயின் கீழ் முனையை இழுத்துப் பிடிக்கிற கயிறு ஒன்று உண்டு, தாமான் என்பார்கள். அது என் பக்கத்தில்தான் ஒரு கட்டையில் சுற்றியிருந்தது.

"சம்பந்தி, தயவு செஞ்சு அந்தத் தாமானக் கொஞ்சம் தளத்துதியளா?" என்றார் அவர்.

அவர் நின்றது என் இடது பக்கம். ஆபரேஷன் காது, அதில் பஞ்சு. அதோடு அந்த நேரத்தில் எனக்கு வேறு ஒரு பொறுப்பு இருந்தது. அம்மிக் குழவி கட்டிலிருந்து நழுவி, படகு சாயச் சாய இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருண்டுகொண்டிருந்தது. அது யார் காலையாவது உடைத்துவிடும் என்று நான் நாலு காலில் அதைத் துரத்திக்கொண்டிருந்தேன்.

"சம்பந்தி, அந்தக் கயிறு" என்றார். நான் குழவியைப் பிடித்தேன், அது நழுவியது. காற்று அடித்தது. படகு படுத்தது. தண்ணீர் பலகையைத் தாண்டி உள்ளே வந்தது. அப்போது, மூன்று வருஷ மரியாதையெல்லாம் பிய்த்துக்கொண்டு, என் பஞ்சு வைத்த காதுக்கே கேட்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"ஏலே, கூறுகெட்ட மூதி, கயித்த விடுலே!"

விட்டுவிட்டேன். நான் பிறந்ததிலிருந்து எந்த வேலையையும் அவ்வளவு சீக்கிரம் செய்ததில்லை. பாய் படபடவென்று அடித்தது, படகு நிமிர்ந்தது. மழை கொட்டித் தீர்த்துவிட்டு, வந்த வேகத்திலேயே மேற்கே போய்விட்டது. தண்ணீரை இறைத்தோம். குழவியை மச்சினர் காலால் மிதித்து நிறுத்தி, சாக்கில் போட்டுக் கட்டினார். யாருக்கும் காயமில்லை.

சம்பந்தி என் முகத்தைப் பார்க்கவில்லை. சுக்கானை மச்சினரிடம் கொடுத்துவிட்டு அணியத்தில் போய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். நான் காப்பி கொடுத்தனுப்பினேன், வேண்டாம் என்றார். பெண் கொடுத்த வீட்டுக்காரனை மூதி என்று சொல்லியாகிவிட்டது. புன்னக்காயலில் இதைக் கேள்விப்பட்டால் அவர் வீட்டு அம்மா சோறு போடமாட்டார்கள் என்று காக்கா சொன்னார்.

மறுநாள் காலை அவர் சட்டையை மாட்டிப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். மற்ற நேரமெல்லாம் பனியனும் கைலியும்தான். கோயிலில் நிற்கிற மாதிரி நின்றார்.

"நேத்து என் வாயால வந்த வார்த்தைக்கு நீங்க என்ன மன்னிக்கணும். அது உங்களச் சொன்னதில்ல. கயித்துக்கிட்ட நிக்கவனச் சொன்னது."

"கயித்துக்கிட்ட நின்னது நான்தானே" என்றேன்.

"அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்."

அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. "உக்காரும்வே" என்றேன். என் வாழ்க்கையில் அவரை முதல்தடவையாக உரிமையோடு வே போட்டுப் பேசியது அப்போதுதான். "என் தம்பிகூட என்ன அப்படித்தான் ஏசுவான். மூணு வருசமா மழ பெய்யுதா மழ பெய்யுதான்னே கேட்டுக்கிட்டு இருந்தோம். இப்பத்தான்வே உம்ம கொரலயே கேக்கேன்."

அவர் உட்கார்ந்தார். சட்டைப் பொத்தானை ஒன்றொன்றாகக் கழற்றினார். அன்று பேச ஆரம்பித்தவர்கள்தான், கரை தெரிகிறவரை வாய் மூடவில்லை. முழங்கால் வலியிலிருந்து தொடங்கினோம். பிள்ளைகள் முதன்முதலாக வீட்டில் விஷயத்தைச் சொன்ன அன்று அவர் கோபத்தில் கட்டுமரத்தை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனதாகவும், கோபத்தில் வலையை எடுக்க மறந்துபோனதாகவும் சொன்னார். நான் அன்று ஒரு கல்யாண வீட்டில் பாயசத்துக்கு உப்புப் போட்ட கதையைச் சொன்னேன். அப்புறம் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொண்ணும் சொல்லிருதேன். உங்க வீட்டுல கல்யாண விருந்து முடிஞ்சு பஸ்ஸுல திரும்பினோம்லா. சேரன்மகாதேவி தாண்டினதும் வண்டிய நிப்பாட்டி எல்லாரும் புரோட்டாவும் கோழிச் சால்னாவும் சாப்பிட்டோம்."

"எல்லாருமா?"

"சாமியார் மட்டும் வேண்டாம்னாரு. அவருக்குச் சொதி ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

கொஞ்ச நேரம் எனக்கு நெஞ்சில் தைத்தது உண்மைதான். ஒரு சமையல்காரனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா இது. அப்புறம் மச்சினரைத் திரும்பிப் பார்த்தேன். எத்தனை புரோட்டா என்று கேட்டேன். அவர் வெட்கத்தோடு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

தீவு முதலில் தென்னை மட்டைகளாகத்தான் தெரிந்தது. மண் தெரியவில்லை; கடலுக்குள்ளிருந்து நேரே மரம் முளைத்த மாதிரி இருந்தது. கிட்டப் போகப்போகத் தண்ணீரின் நிறம் மாறியது. கருநீலம் போய்ப் பச்சையாகி, பச்சை போய், துவைத்து நீலம் போட்ட வேட்டி நிறத்துக்கு வந்தது. சுற்றிலும் பார், அதாவது பவளப்பாறைத் திட்டு. அதில் ஒரு வாசல்போல இடைவெளி. மருமகன் ஒரு சிறிய வேகப்படகில் வந்து முன்னால் வழிகாட்டினான். நான் பட்டுக்கரை வேட்டி கட்டி, புதிதாகத் திருநீறு பூசி அணியத்தில் நின்றேன். தோணித்துறையில் ஒரு கூட்டம் நின்றது. அதில் சிவப்புச் சேலை என் வீட்டுக்காரி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் நின்றது மகள்.

நங்கூரம் போடுவதற்குச் சம்பந்தி இடம் பார்த்தார். பக்கத்தில் வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று தங்கள் பளபளப்பான பாய்ப்படகில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தது.

"அப்பா, இன்னும் கொஞ்சம் எடப்பக்கம் போட்டா நல்லது. இங்கன மணல் லேசு" என்றான் மருமகன்.

"ஏலே, நீ பொறக்கதுக்கு முந்தியே நங்கூரம் போட்டவன் நான்" என்றார் சம்பந்தி. போட்டார். படகு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, யாருக்கும் தெரியாமல் நழுவுகிறவன்போல, பின்னால் போக ஆரம்பித்தது. வெள்ளைக்காரர்கள் தேநீரை வைத்துவிட்டு எழுந்தார்கள். நங்கூரத்தை எடுத்தோம், திரும்பப் போட்டோம். திரும்பவும் நழுவியது. இப்போது அந்த அம்மாள் ஒரு காற்றடைத்த மிதவையைத் தங்கள் படகின் பக்கவாட்டில் தொங்கவிட்டுக்கொண்டே எங்களைப் பார்த்து என்னவோ சத்தமாகச் சொன்னாள்.

"என்ன சொல்லுதா?" என்றார் சம்பந்தி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"சௌக்கியமான்னு கேக்கா" என்றேன்.

"சௌக்கியம்னு சொல்லும்." சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் அடுத்த மிதவையை எடுக்க ஓடினாள்.

துறையில் கூட்டம் பெருத்தது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொண்டார்கள். மூன்றாம் தடவை நங்கூரத்தை இழுத்தபோது மச்சினர் யாரையும் கேட்காமல் படகின் நடுவே போனார். என் அம்மியைத் தூக்கி வந்தார். கனத்த கயிறால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, நங்கூரச் சங்கிலியில் கொஞ்சம் மேலே தொங்கவிட்டார். பிறகு இரண்டையும் சேர்த்துக் கடலுக்குள் இறக்கினார். படகு பின்வாங்கிற்று, சங்கிலி விறைத்தது, நின்றது. அசையவில்லை. துறையில் பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் தண்ணீருக்குள் பார்த்தேன். வெகு ஆழத்தில், கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தெளிவாக, என் அம்மி மணலில் கிடந்தது. அதன்மேல் மஞ்சள் கோடு போட்ட ஒரு மீன் வந்து பார்த்துவிட்டுப் போனது.

அதிகாரிகள் இரண்டு பேர் வந்து படகைச் சோதித்தார்கள். மரியாதையான பையன்கள். என் சாமான்களில் கட்டிப் பெருங்காயம் மட்டும் அவர்களுக்குப் பிடிபடவில்லை. ஒருவர் மோந்து பார்த்துவிட்டு மற்றவரிடம் கொடுத்தார். அவர் மோந்துவிட்டுக் கதவோரம் போய் நின்றுகொண்டார். நானும் காக்காவும் எங்களுக்குத் தெரிந்த இங்கிலீஷில் எவ்வளவோ விளக்கினோம். கடைசியில் ஒரு ரசம் வைத்துக் கையில் கொடுத்தேன். முதலாமவர் குடித்துவிட்டு யோசித்து டம்ளரை நீட்டினார். இரண்டாவது டம்ளர் முடிந்தபோது முத்திரை குத்திவிட்டார்.

கரையில் இறங்கியதும் மகள் சிரித்துக்கொண்டே அழுதாள். வீட்டுக்காரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கறுத்துப் போயிட்டிய" என்றாள். அப்புறம், "அவுக என்னத்தக் கட்டித் தண்ணிக்குள்ள போட்டாக?" என்று கேட்டாள். அம்மி அவள் வீட்டுச் சீதனம். நான் சம்பந்தியைத் தேடினேன். அவர் முன்னாலேயே நடந்து போய்க்கொண்டிருந்தார்.

மகள் வீடு இரண்டு அறை. அதனால் நாங்கள் நாலு ஆண்களும் படகிலேயே தூங்கினோம். முதலாளி ஊரில் இல்லை, அவர் வருகிறவரை படகு எங்கள் பொறுப்பு. பாருக்குள்ளே அலை கிடையாது. தொட்டில் மாதிரி லேசான ஆட்டம்தான். பகலில் மச்சினரும் காக்காவும் மீன் பிடிப்பார்கள். நான் தீவுக்காரர்களிடம் தேங்காய் வாங்கச் சம்பந்தியைக் கூட்டிக்கொண்டு போவேன். நான் ஒரு பக்கம் ஆட்டிப் பார்க்க, அவர் மறுபக்கம் தட்டிப் பார்க்க, ஒரு தேங்காயை வாங்க எங்களுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும்.

ஒரு நாள் காலையில் மருமகன் வேகப்படகில் வந்து கத்தினான். மகளுக்கு வலி கண்டு, பக்கத்துப் பெரிய தீவின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயாயிற்று என்றான். போட்டது போட்டபடி ஏறினோம். வேகப்படகு தண்ணீரில் ஓடாமல் அதன்மேல் தாவித் தாவிப் போயிற்று. பாதி வழியில் சம்பந்தி வெளிறிப் போனார். ஓரத்துக்குப் போய்த் தலையைத் தொங்கவிட்டார். இத்தனை வருஷக் கடலில் அவருக்கு இது முதல் தடவை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடிவானத்தை ஆராய்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் நாங்கள் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. மகள் சுகம், பெண்குழந்தை. வீட்டுக்காரி உள்ளே மகளிடம் இருந்தாள், மருமகனும் உள்ளே ஓடிவிட்டான். நாங்கள் நடைக்கூடத்தில் நின்றோம். மலையாளத்து நர்ஸ் ஒருத்தி துணியில் சுற்றிய குழந்தையை எடுத்துக்கொண்டு வந்து, "தாத்தா யாரு?" என்று கேட்டாள்.

இரண்டு பேரும் ஓரடி முன்னால் வைத்தோம். இரண்டு பேரும் நின்றோம்.

"நீங்க வாங்குங்க சம்பந்தி" என்றார் அவர்.

"அது எப்படி, நீங்கதான் மொதல்ல."

"பொண்ணு பெத்தது உங்க பொண்ணு."

"பேரு வெளங்கப்போறது உங்க குடும்பத்துப் பேரு. வாங்குங்க."

"நீங்க இருக்கும்போது நான் வாங்கினா நல்லாருக்காது."

நர்ஸ் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே அவளுக்கு வேறு வேலை இருந்திருக்கும். எங்களுக்குப் பின்னால் மச்சினர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். நேரே போய் அவர் கையில் குழந்தையைக் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

அந்தப் பெரிய கைகளில் குழந்தை ஒரு முறுக்குப் பொட்டலம் அளவுக்கு இருந்தது. மச்சினர் அதை அசைக்கப் பயந்து, மூச்சுக்கூட விடாமல் நின்றார். நாங்கள் இரண்டு பக்கமும் போய் எட்டிப் பார்த்தோம். கண் திறக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி வைத்திருந்தது.

"அத்தான்" என்றார் மச்சினர். அந்தப் பயணத்தில் நான் அவர் பேசிக் கேட்டது அப்போதுதான். "இத எப்படிப் பிடிக்கது?"

சம்பந்தி ஒரு பக்கமிருந்தும் நான் ஒரு பக்கமிருந்தும் சொல்லிக்கொடுத்தோம். அவர் சொன்னதற்கு நான் சொன்னது நேர்மாறாக இருந்தது.